சங்கொலி ஓய்ந்தபின்

ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்வோர் அங்குள்ள கோயில் எது, சந்தை எது, பார்க்கத்தக்க இடம் எது என்று கேட்பது வழக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியாசிரியனாக இருந்த என் கேள்வி சற்று வேறானது. இவ்வூரார் எப்பொழுது எழுகிறார்கள், எப்பொழுது உண்கிறார்கள், பிள்ளைகள் உறங்குமுன் தந்தை வீடு திரும்புகிறாரா என்பவற்றையே முதலில் கேட்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால் அதன் காரணம் பாடத்தில் இருப்பது அரிது. அப்பிள்ளையின் வீட்டுக் கடிகாரத்தில் இருக்கும். இதை எனக்குக் கற்பித்த ஊர் கோலார் தங்கவயல்.

பெங்களூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் சென்றால் பங்காரப்பேட்டை வரும். முன்னாளில் பௌரிங்பேட்டை என்று அழைக்கப்பட்ட ஊர் அது. அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து, பதினாறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, மாரிக்குப்பத்தில் முடிந்துவிடுகிறது. 1894-இல் சுரங்கங்களுக்காகவே போடப்பட்ட பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. இறங்கி நடந்தால் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. துரைமார் பெயர்கள்தாம், ஆயினும் வட ஆர்க்காட்டுத் தமிழில் நூறாண்டு புழங்கி, துரைமார் வந்து கேட்டாலும் தம் பெயரென்று அறியமாட்டாதபடி மாறிவிட்டன.

வண்டியின் சாளரத்தில் முதலில் தெரிவன சாம்பல் நிறமான மேடுகள். குன்றுகள் என்று கருதிப் படம் பிடித்துச் செல்வோர் உண்டு. அவை இயற்கையின் ஆக்கம் அல்ல. நிலத்தின் அடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக இடித்து, சைனைடு கரைசலிற் கலந்து, அதிற் கரைந்த பொன்னைப் பிரித்துக்கொண்டபின் எஞ்சிய சக்கை அது. பதின்மூன்று பெருமேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. அந்தச் சக்கையிலும் இன்னும் சிறிது பொன் உண்டென்று சொல்லி, அதனை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கருநாடக அமைச்சரவை இசைவு அளித்தது. அது நிகழும்போது நிகழட்டும். இப்போதைக்கு ஆடிக் காற்றில் அந்தத் துகள் எழுந்து எங்கள் கண்ணிலும் சோற்றிலும் விழுகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் துணி உலர்த்துவதைத் தனிக் கலையாகவே பயின்றவர்கள். காற்றின் திசை பார்த்துத்தான் கொடி கட்டுவார்கள்.

ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1802-இல் மைசூரின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படையதிகாரி, இப்பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று ஆராய்ந்து எழுதி வைத்தார். 1870-களில் மைக்கேல் லவேல் என்னும் அயர்லாந்து வீரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டிப் பார்த்தார். அவர் கைப்பொருள் போதவில்லை. 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வேலை முறையாகத் தொடங்கியது. 1956-இல் சுரங்கங்களை மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளோடு எல்லாம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் இம்மண் கொடுத்த பொன் ஏறத்தாழ 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 பாகையைக் கடக்கும். கீழே குளிர்காற்றைச் செலுத்தாமல் மனிதன் அங்கே நிற்க இயலாது.

அங்கே நின்றவர்கள் நம்மவர்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர்; ஊரில் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். கையில் பணமாகக் கூலி கிடைத்தது என்பது மட்டுமே அவர்களை இழுத்தது என்று நான் எண்ணவில்லை. யார் வாசலிலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டாத ஓர் ஊரை அவர்கள் தேடினார்கள். அத்தகைய ஊர் முழுமையாகக் கிடைத்ததென்று கூறேன். பங்களாவும் மன்றமும் குழிப்பந்துத் திடலும் ஒருபுறம். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த ஓரறைக் குடில்கள் வரிசை வரிசையாக மறுபுறம். அந்த வரிசைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். ஆயினும் கீழே இறங்கும் கூண்டில் தோளோடு தோள் உரசித்தான் நிற்க வேண்டும். கூண்டுக்குள் தீண்டாமைக்கு இடம் போதாது.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அந்நாளில் எங்கள் ஊருக்குக் கடிகாரம் வேண்டியிருந்ததில்லை. சங்கு ஊதும். கோயிற் சங்கைச் சொல்லவில்லை, சுரங்கத்தின் ஊதுகுழலை. காலை, பகல், இரவு என்று மூன்று ஷிப்டுகள். ஷிப்டு என்னும் சொல்லை எங்கள் ஊரில் ஆங்கிலச் சொல் என்று எவரும் எண்ணுவதில்லை. “முதல் ஷிப்டு இறங்கும்போது இவன் பிறந்தான்” என்று தாய் சொல்வாள். “ராத்திரி ஷிப்டு போன பிறகு வா, பேசலாம்” என்று பெண்கள் ஒருவரையொருவர் அழைப்பார்கள். உலை வைப்பதும் விளக்கு அணைப்பதும் கலியாணத்துக்கு நாள் குறிப்பதும் சங்கொலிக்குக் கட்டுப்பட்டன.

ஓரறை வீட்டில் இரவு வேலை பார்த்த தந்தை பகலில் உறங்குகிறார். அதே அறையில் சமையல். அதே அறையில் கைக்குழந்தை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வாரம் முழுதும் கணீரென்று விடை சொல்லும் மாணவன் அடுத்த வாரம் வாயருகே காது வைத்தாலன்றிக் கேட்காதபடி பேசுவதைக் கண்டு வியந்தேன். உடல்நலக் குறைவோ என்று விசாரித்தேன். பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: “சார், அவங்க நைனா இந்த வாரம் ராத்திரி ஷிப்டு.” வீட்டில் தாழ்ந்த குரலிற் பேசிப் பழகிய பிள்ளை பள்ளியிலும் அவ்வாறே பேசினான். நாளடைவில், வருகைப் பதிவேட்டைப் பாராமலே, எந்தப் பிள்ளையின் தந்தை எந்த ஷிப்டு என்பதைக் குரலைக் கொண்டே சொல்லும் திறம் எனக்கு வந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இதற்குப் பாடம் இல்லை.

மற்றொன்றும் உண்டு. ஆழத்தில் பாறை, தன்மேல் உள்ள மலையளவு சுமையைத் தாங்கமாட்டாது திடீரென வெடிக்கும். சுரங்கத் தொழிலில் இதற்கு ஈடான அச்சம் வேறில்லை. அந்த அதிர்ச்சி மேலே வந்து வீடுகளை உலுக்கும், பாத்திரங்கள் உருளும், சுவர்கள் விரியும். ஒருநாள் கரும்பலகையில் வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த சுண்ணக்கட்டி பலகையில் தானாக ஒரு கோடு இழுத்தது. திரும்பினேன். நாற்பது பிள்ளைகளும் அசையாமல் இருந்தார்கள். முதல் ஷிப்டுக்குத் தந்தையை அனுப்பிவிட்டு வந்தவர்கள் மட்டும் தலை குனிந்திருந்தார்கள். எவரும் அழவில்லை; எவரும் எழவில்லை. நான் வாய்பாட்டைத் தொடர்ந்து எழுதினேன். வேறு என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. அன்று எல்லாத் தந்தையரும் திரும்பிவிட்டனர். எல்லா நாளும் அப்படி அமைந்ததில்லை.

பாறைக்குத் தப்பினவர்களையும் தூசு விட்டுவைக்கவில்லை. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் நுரையீரலில் பாறைத் தூசின் நோய் இருப்பதைக் கண்டார்கள். ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்த தாத்தாக்கள் பேசும்போது வாக்கியத்தின் நடுவே மூச்சுக்காக நிற்பார்கள். லைன் பிள்ளைகள் கதை கேட்டு வளர்ந்தது அந்த நடையில்தான்.

இத்தனை இன்னலுக்கிடையே அவர்கள் படித்தார்கள் என்பதையே நான் இன்றைய பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். முதல் ஷிப்டு முடித்துக் குளித்து உண்டவனுக்குப் பிற்பகல் மிச்சம் இருந்தது. அந்தப் பிற்பகலில் பந்தாட்டம் நடந்தது, நாடக ஒத்திகை நடந்தது, பஜனை நடந்தது, படிப்பும் நடந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழுக்கு அடித்தளமாக நின்ற ஊர்களுள் தங்கவயல் ஒன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தார் கூடினார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தபின், 1926 முதல் அவ்விதழ் இவ்வூரிலிருந்தே பல ஆண்டுகள் வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்தார். சித்தார்த்தா புத்தகசாலை என்னும் பதிப்பகமும் இங்கே இருந்து பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பல்கலைக்கழகங்கள் அவரை அறியுமுன்னே, அவர் எழுத்தைப் பாதுகாத்தவர்கள் பாறை துளைத்த கைகளை உடையவர்கள். எழுத்தறிந்த ஒருவன் உரக்கப் படிப்பான். பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். கேட்டவர் பலர் பின்னர் தாமே படிக்கக் கற்றனர். இதை நான் முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தேன்.

படித்தவர்கள் கேள்வி கேட்பார்கள். 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிந்துகொள்ளும் ஒரு புதிய முறை வந்தபோது, ‘நாங்கள் குற்றவாளிகளா?’ என்ற எண்ணம் எழுந்து, மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. 1946-இல் கே. எஸ். வாசன் முதலிய தலைவர்கள் காலத்தில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவர்களை நவம்பரில் நினைவுகூரும் வழக்கம் ஊரில் உண்டு.

2001-க்குப் பின் சங்கு ஓய்ந்தது. நீர் இறைக்கும் எந்திரங்கள் நின்றன. நூறாண்டு வெட்டிய சுரங்க வழிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டது. வேலை இழந்தவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களைச் சார்ந்திருந்த கடைக்காரர், தையற்காரர், வண்டிக்காரர் கணக்கை எவரும் எடுக்கவில்லை. ஊர் காலியாகிவிடும் என்று பலர் கூறினார்கள். காலியாகவில்லை. சுரங்கத்துக்காகப் போட்ட இருப்புப்பாதை இப்போது சுரங்கம் இழந்தவர்களைச் சுமக்கலாயிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அவற்றுள் ஒன்றுக்குச் ‘சுவர்ணா’ என்று பெயர்; பொன் என்று பொருள். பெயர் வைத்தவர் நகைச்சுவை கருதி வைத்திருக்கமாட்டார். கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் செல்வோர், துணி ஆலைப் பெண்கள், மருத்துவமனைச் செவிலியர், வங்கி எழுத்தர், கணினி நிறுவனத்து இளைஞர் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். வர அதே அளவு. நிலையத்திலிருந்து வேலையிடம் செல்லும் நேரம் வேறு.

அந்த வண்டி ஒரு தனி ஊர். பத்தாண்டு, இருபதாண்டு ஒரே பெட்டியில், ஒரே இருக்கையில் செல்பவர்கள் உண்டு. முதலில் ஏறியவர் கைக்குட்டையைப் போட்டால் அது பட்டா நிலத்துக்குச் சமம். மாலை வண்டியில் பெண்கள் அவரை உரிக்கிறார்கள், கீரை ஆய்கிறார்கள், பூத் தொடுக்கிறார்கள். வீடு சேர்ந்தவுடன் அடுப்பு மூட்ட வேண்டுமல்லவா? வண்டியிற் பழகிப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தோரையும் அறிவேன். முன்பு ஒருவர் செய்தித்தாள் வாங்கினால் அதன் நான்கு பக்கமும் நால்வர் கைக்குப் போகும். இப்பொழுது ஆளுக்கொரு கைப்பேசி. சிறிய ஒளிச்சதுரத்தில் ஆளுக்கொரு படம் ஓடுகிறது. இதைக் குறையென்று நான் எளிதிற் கூறமாட்டேன். பதினாறு மணி நேரம் வீட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் அவனைப் பழிக்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் கணக்கைப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து செல்லும் தந்தை, பிள்ளை உறங்கியபின் திரும்புகிறார். பல வீடுகளில் தாயும் அவ்வாறே. சுரங்க நாளில் தந்தை பகலில் உறங்கினார். எனினும் வீட்டில் இருந்தார். அவர் எழுந்ததும் மடியிற் படுத்துக் கதை கேட்கலாம். இரயில் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தினர். அன்றும் அவருக்கு உறக்கம் தீராது. முன்பு மெல்லப் பேசிய பிள்ளைகளைக் கண்டேன் என்றேன். இன்று காண்பது வேறு. பேசுவதற்கு வீட்டில் ஆளில்லாமையால், யாராவது கேட்டால் மூச்சுவிடாமற் பேசும் பிள்ளைகளைக் காண்கிறேன். ஆயாமார்தாம் வளர்க்கிறார்கள். அவர்கள் இல்லையேல் இந்த ஊரில் பாதி அடுப்பு மாலையில் எரியாது.

நம் மொழியின் நிலையும் இந்தக் கணக்கோடு இணைந்ததே. ஊரில் தமிழ் அழிந்துவிட்டதென்று எழுதினால் அது பொய். சந்தையில் தமிழ், சண்டையில் தமிழ், தாலாட்டில் தமிழ். கன்னடமும் தெலுங்கும் உருதும் அதனோடு உறவாடுகின்றன. என் பக்கத்து வீட்டு அம்மாள் நான்கு மொழியிலும் காய்கறி பேரம் பேசுவார். பிள்ளைகள் கன்னடம் கற்கட்டும். இந்த மண்ணின் மொழி அது, இங்கே வாழ்பவர் அதை நன்றாகக் கற்பதே முறை. ஆங்கிலமும் கற்கட்டும்; வண்டி ஏறுகிறவனுக்கு அது சோறு. குறை எங்கே என்றால், தமிழ் நாவில் இருக்கிறது, கண்ணில் இல்லை. பேசுகிற பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. தமிழ் வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். பெற்றோரைக் கடிந்து பேசும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் நான்கு மணி வண்டியில் ஒரு வாரம் சென்று வந்தபின் எழுதியிருந்தால் நன்றாயிருக்கும். அந்நாளில் ஒருவன் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்களே, அந்தப் பிற்பகல் எங்கே போயிற்று? பங்காரப்பேட்டைக்கும் பெங்களூருக்கும் இடையே தண்டவாளத்தில் கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கல்லூரி மாணவன் என்னிடம் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தான். லைன் வீட்டைப் பழுது பார்க்கையில் பரணிலிருந்த தகரப்பெட்டியில் கிடைத்ததாம். அட்டை போய்விட்டது, ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. முதற்பக்கத்தில் மங்கிய மையில் ஒரு கையொப்பம். “இது யார் பேர் சார்?” என்று கேட்டான். பார்த்தேன். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர். அவன் பெயரும் அதுவே. அவர் நினைவாக வைத்தது. தன் பெயரைத்தான் அவன் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தான். நான் வாசித்தவுடன் அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி அந்தக் கையொப்பத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். கொள்ளுத்தாத்தா பாறை துளைப்பவராக இருந்தவர். அவர் பள்ளிக்குப் போனதாக வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

அதே காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு திரைப்படம் வந்து நாடெங்கும் ஓடியது. 2018-இல் முதற்பாகம், 2022-இல் இரண்டாம் பாகம். எங்கள் சைனைடு மேட்டிலேயே படம் பிடித்தார்கள். ஊரில் பலருக்குச் சில நாள் கூலி கிடைத்தது. நானும் பார்த்தேன். தூசும் துப்பாக்கியுமாக நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். அது கற்பனை, கற்பனையாக இருக்க அதற்கு உரிமை உண்டு. ஆனால் அடிமைகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியும் சவுக்குமாகத் துன்புற, ஒரு வீரன் வந்து மீட்பதாகக் கதை. அக்கதை நிகழும் 1970-களின் பிற்பகுதியில் உண்மையான தங்கவயலில் இருந்தது மத்திய அரசின் நிறுவனம். தொழிற்சங்கங்களும் வருங்கால வைப்புநிதியும் மருத்துவமனையும் இருந்தன. பிறகு 2024-இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ வந்தது. அதுவும் புனைவே, எனினும் வட ஆர்க்காட்டிலிருந்து பொன்னைத் தேடிச் சென்ற நம் முன்னோரை நடுவில் நிறுத்தியது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் முன்னாள் மாணவி ஒருத்தி சொன்னாள். அலுவலகத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் தோழியர் சூழ்ந்துகொண்டு, “உங்கள் தாத்தா அடிமையாக இருந்தாரா?” என்று கேட்டார்களாம். கேலியாகக் கேட்கவில்லை, இரக்கத்தோடு கேட்டார்கள். அவளுக்கு என்ன விடை சொல்வதென்று தெரியவில்லை. இல்லையென்று சொல்ல மனம் வந்தது. சொல்லச் சான்று இல்லை. பாட்டனார் பட்ட துன்பம் உண்மை. அத்துன்பத்தின் நடுவே அவர் சங்கம் வைத்தார், இதழ் படித்தார், கைரேகை கொடுக்க மறுத்தார் என்பதும் உண்மை. முதல் உண்மையைத் திரைப்படம் பத்து மடங்காகப் பெருக்கிக் காட்டிவிட்டது. இரண்டாவது உண்மை கரையான் தின்ற புத்தகங்களில், அவளால் படிக்க இயலாத எழுத்தில் இருக்கிறது.

அவளுக்கு நான் வேறொன்றும் சொன்னேன். 1965-இல் எங்கள் சுரங்கத்தில் 7,600 அடி ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலார் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து கருவிகளை வைத்தார்கள். விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ என்னும் நுண்துகள் மட்டும் எதையும் ஊடுருவி வரும். வளிமண்டலத்தில் பிறக்கும் அத்துகளின் அடையாளத்தை உலகில் முதன்முதல் கண்ட இடங்களுள் எங்கள் சுரங்கம் ஒன்று. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் ஆகியோர் பெயர்களை அறிவியல் நூல்கள் கூறும். அந்த ஆழத்துக்கு வழியை வெட்டியவர், பாறை சரியாமல் தாங்கு கொடுத்தவர், நாள்தோறும் கூண்டை இறக்கி ஏற்றியவர் பெயர்களை நூல்கள் கூறா. “அவர்களில் உன் தாத்தாவும் ஒருவராக இருக்கலாம், தோழியரிடம் இதைச் சொல்” என்றேன். சொன்னாளாம். அவர்கள் நியூட்ரினோவைப் பற்றி இன்னும் கேட்டார்களாம். அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறாள்.

இந்த இதழ் பெங்களூரிலும் மும்பையிலும் கடல் கடந்த ஊர்களிலும் உள்ள குடும்பங்களுக்குச் செல்வதாக அறிகிறேன். அவர்களில் தங்கவயலோடு உறவுள்ளவர் சிலராவது இருப்பர். வீட்டிற் பழைய தகரப்பெட்டி இருந்தால், விற்பதற்கும் எரிப்பதற்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். சங்கத்துச் சந்தாச் சீட்டு, நாடக நோட்டீசு, கூலிச் சீட்டு, கடிதம் எதுவாயினும் இருக்கட்டும். படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை அருகில் இருத்தி, அவர் வாசிக்கையில் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள்.

நான் ஞாயிறு தோறும் என் வீட்டு முற்றத்தில் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறேன். கட்டணம் இல்லை, கரும்பலகை ஒன்று, பாய் நான்கு. முதலில் காலை ஒன்பது மணிக்கு வைத்தேன், எவரும் வரவில்லை. அன்று ஒருநாள்தான் ஊர் உறங்குகிறது. ஆகவே மாலை நான்குக்கு மாற்றினேன். இப்பொழுது பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைகளை விட வந்த தந்தையர் இருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரம் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் வாரம் ஒருவர் மகனுடைய பலகையை வாங்கி ‘ழ’ எழுதிப் பார்த்தார்; வரவில்லை. மகன் கையைப் பிடித்து எழுத வைத்தான். ஆறு மணிக்கு மேல் அவர்களை நான் இருத்திவைப்பதில்லை. மறுநாள் நான்கு மணிக்கு அவர்கள் எழ வேண்டும்.